லோடு கொடுத்துப் பார்த்த தெரு

அண்ணே, பாப்பாவக் கொஞ்சம் மடியில வச்சுக்கிறீகளா? நான் நின்னுக்கிருவேன். பயலையும் தூக்கி, பையையும் பிடிச்சு, இவளையும் நிக்க வச்சா, ஒரு பிரேக்குக்கு மூணு பேரும் டிரைவர் மேல போயி விழுவோம். வெண்பா, போம்மா, மாமா மடியில உக்காரு. மாமா ஒண்ணும் செய்ய மாட்டாக. ம், அம்புட்டுத்தான். கால மட்டும் ஆட்டாத, மாமா வேட்டி அழுக்காயிரும்.

காலாண்டு லீவு முடியுதுல்ல, அதான் இந்தக் கூட்டம். ஆரப்பாளையத்துல முண்டியடிச்சு ஏறுறதுக்குள்ள பாதி உசுரு போயிருச்சு. நீங்க எங்க, கோயமுத்தூரா? அப்ப நல்லதாப் போச்சு, நானும் அங்கிட்டுத்தான். என் பேரு சோணமுத்து. சொந்த ஊரு மானாமதுரை. இவ வெண்பா, ஒண்ணாங்கிளாஸ். இவன் ருத்ரன். இவனுக்கு இன்னும் பேச்சே சரியா வரலை, ஆனா தாப்பாப் போட மட்டும் நல்லா வரும். அந்தக் கதைக்குப் பெறகு வர்றேன்.

சின்னப் புள்ளைகள வச்சுக்கிட்டு ஒரு புது ஊருல குடியேறுறது லேசுப்பட்ட காரியமா, நீங்களே சொல்லுங்க. யாரையும் நம்ப முடியலைண்ணே. பேப்பரத் தொறந்தா பயம், போனைத் தொறந்தா பயம். நல்லாச் சிரிச்சுப் பேசுறவனப் பாத்தாத்தான் எனக்கு மொத சந்தேகமே வரும். ஈஸ்வரி, என் வீட்டுக்காரி, அவ சொல்லுவா, அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயின்னு. சொல்லட்டும். பேயி வந்தா நான்தான முன்னாடி நிக்கணும்.

கோயமுத்தூர்ல மோட்டார் பம்பு செய்யிற கம்பெனியில எனக்கு வேலை. டெஸ்டிங். மோட்டரு சும்மா ஓடுனா எல்லாம் நல்ல மோட்டருதான். பெயின்ட் அடிச்சு, ஸ்டிக்கர் ஒட்டி, மாப்பிள்ளை கணக்கா நிக்கும். லோடு குடுத்துப் பாத்தாத்தான் தெரியும், எது தாங்கும், எது உள்ள கம்பிக் காயிலு எரிஞ்சு ஓஞ்சு போகும்னு. நான் ரெண்டு தட்டுத் தட்டுவேன், காது குடுத்துக் கேப்பேன், சொல்லிருவேன். எங்க சூப்பர்வைசரே, சோணமுத்து தட்டிட்டா அது போதும்பாரு.

அப்ப என் புள்ளைக இருக்கப் போற தெருவ நான் லோடு குடுத்துப் பாக்க வேணாமா?

இவளப் பள்ளிக்கூடத்துல சேக்குற நேரம் வந்துச்சு, குடும்பத்தக் கூட்டிக்கிருவோம்னு முடிவாச்சு. வீட்டு புரோக்கர் ஒருத்தரப் பிடிச்சேன். அந்த மனுசன் கடைசியில என் போனையே எடுக்கிறதில்ல. ஒரு வீடு நல்ல வீடு, ஆனா மெயின் ரோட்டு மேல. இன்னொண்ணு டாஸ்மாக்குக்கு எதுத்தாப்புல. இன்னொரு தெருவுல நாய்க. அடுத்ததுல நாயே இல்ல, ஒரு தெருவுல நாயே இல்லைன்னா அதுலயும் ஏதோ இருக்குண்ணே. ஒண்ணு ரொம்பச் சத்தம். ஒண்ணு ரொம்ப அமைதி. ஈஸ்வரி ஊருலருந்து போன் போட்டுக் கேப்பா, என்னங்க, பூமியிலதான பாக்குறீகன்னு. அவளுக்கு வெளையாட்டு.

லோடு எப்படிக் குடுப்பேன்னா, ரொம்பச் சுலபம். தெருவுக்குள்ள ஒரு அன்னிய ஆளாப் போயி நிப்பேன். பால்வாடியோ நர்சரியோ இருக்கும்ல, அதுக்கு எதுத்தாப்புல. காலையில ஒரு தடவ, சாயந்தரம் ஒரு தடவ. யாரு வர்றா, யாரு போறா, எந்தப் புள்ள தனியா வெளிய வருது, எல்லாம் பாப்பேன். பெறகு மெதுவா ஒரு புள்ளைகிட்டப் போயி ஒரு மிட்டாய நீட்டுவேன். வாங்கிருச்சுன்னா அந்தத் தெரு அவுட்டு. வளப்பு சரியில்லைன்னு அர்த்தம். நான் நெசத்துல புள்ளை பிடிக்கிறவனா இருந்தா என்ன ஆகும், யோசிச்சுப் பாருங்க.

என்னண்ணே, அப்படிப் பாக்குறீக? யாரு செய்வா இம்புட்டு? எத்தனை தகப்பன் செய்வான்? வீட்டுல தண்ணி வருதா, குளியலறையில டைல்ஸ் இருக்கான்னு பாத்துட்டு அட்வான்ஸ் குடுத்துருவான்.

இப்படித்தான் மாகாளியம்மன் கோயில் வீதிக்குப் போனேன். பழைய ஓட்டு வீடுக, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு. வாசல்ல பூராம் சைக்கிளு, கொடம், கொடியில துணி. ஒரு முக்குல ஆட்டோ ஸ்டாண்டு. இன்னொரு முக்குல மாவுக்கடை, அதான் இட்லி மாவு ஆட்டி விக்கிற கடை. அந்தக் கடைக்காரம்மா பேரு துளசிமணி. பால்வாடி நட்ட நடுவுல. நான் போயி நின்னு ஒரு பீடி பத்த வைக்கிற நேரம் ஆகியிருக்காது, அந்தம்மா கையில மாவோட வந்துருச்சு. "ஏனுங் தம்பி, யாரைப் பாக்கோணும்?" யாரையும் பாக்கலைன்னேன். "அப்பறம் எதுக்குங் நிக்கறீங்?" சும்மான்னேன். "சும்மா நிக்கறதுக்கு அந்த வேப்ப மரத்தடியில நிழல் இருக்குதுங், அங்க நில்லுங்"னு சொல்லிட்டுப் போயிருச்சு. மரியாதையா இருக்கே, கோயமுத்தூர் பேச்சே தனிதான்னு நெனச்சேன். பெறகுதான் கவனிச்சேன், அந்த வேப்ப மரத்தடியில நின்னா கடையிலருந்தும் தெரியும், ஆட்டோ ஸ்டாண்டுலருந்தும் தெரியும், என்னால பால்வாடியப் பாக்க முடியாது.

சாயந்தரம் திரும்பப் போனேன். அப்பயும் வந்துச்சு. மறுநாளும் போனேன். அன்னிக்கு மிட்டாய எடுத்து ஒரு சின்னப் பயகிட்ட நீட்டுனேன் பாருங்க, அந்தப் பய வாங்கவும் இல்ல, ஓடவும் இல்ல. வாயப் பொளந்து ஒரு கத்துக் கத்துனான். அம்புட்டுத்தான். எங்கிட்டிருந்து வந்தாகன்னே தெரியலை. ஆட்டோக்காரங்க ஓடி வர்றாக, மொளகாப் பொடி அரைக்கக் குடுக்கப் போன பொம்பளைக பையோட வர்றாக. ஒருத்தன், கதிர்வேல்னு பேரு, ஆட்டோக்காரன், என் கையப் பிடிச்சுட்டான். வண்டிச் சாவியப் பிடுங்கிட்டான்ணே! என் வண்டிச் சாவிய!

அடிக்கலை. அதைச் சொல்லணும், அடிக்கலை. மாவுக்கடையில ஒரு ஸ்டூலப் போட்டு உக்காரச் சொன்னாக. டீ கூட வந்துச்சு. ஆனா எந்திரிக்க விடலை. நான் கம்பெனி, டெஸ்டிங், லோடுன்னு எல்லாத்தையும் வெவரமாச் சொல்றேன், சொல்லச் சொல்ல ஒவ்வொருத்தர் மூஞ்சியும் மாறுது. அந்தம்மாதான், உங்க வீட்டுக்காரிக்குப் போன் போடுங்கன்னுச்சு. போட்டேன். போன வாங்கி அந்தம்மாவே பேசுச்சு. "கண்ணு, உன்ற வீட்டுக்காரர் அடையாளஞ் சொல்லு"ன்னு கேட்டுச்சு. ஈஸ்வரி என்ன சொல்லிருக்கா தெரியுமா? இடது காதுக்குக் கீழ மச்சம் இருக்கும், எந்தப் பொருளக் குடுத்தாலும் ரெண்டு தட்டுத் தட்டிப் பாப்பாரு, அவருதானான்னு பாருங்கன்னிருக்கா. நான் அப்ப டீ கிளாசத் தட்டிக்கிட்டு இருந்தேன். கடையே சிரிச்சுச்சு. எனக்கு எப்படி இருந்திருக்கும்?

பெறகு ரெண்டு பேரும் போன்ல பேச ஆரம்பிச்சாக பாருங்க. புள்ளைகளுக்கு என்ன வயசு, இட்லிக்கு என்ன அரிசி போடுவே, அங்க மழையா. நான் ஸ்டூல்ல உக்காந்திருக்கேன், குத்தவாளி கணக்கா. கடைசியில போன என்கிட்டக் குடுத்துட்டு அந்தம்மா சொல்லுது: "கோயிலுக்குப் பக்கத்துல ஒரு வீடு காலியா இருக்குதுங் தம்பி. கொழந்தைங்களக் கூட்டிட்டு வந்துருங். நாங்க பாத்துக்கறோம்."

வண்டிச் சாவியப் பிடுங்குன தெருவுல போயி எவனாவது குடியிருப்பானா? சாவிய வாங்கிட்டு வந்து ஈஸ்வரிகிட்டப் போன்ல சொன்னேன், ரவுடித் தெருவுன்னு. அவ என்ன சொல்றா? "உங்க மோட்டரு லோடு தாங்கிருச்சேங்க"ங்கிறா. அது வேற இது வேற. மோட்டரு என் கையப் பிடிச்சு முறுக்குமா? நீங்க ஏண்ணே சிரிக்கிறீக?

சரி, பக்கத்து ஆளு எந்திரிக்கிறாரு, திண்டுக்கல் வந்துருச்சு. நகந்துக்கங்க. அப்பாடா. பாப்பா அங்கயே இருக்கட்டும், உங்ககிட்ட ஒட்டிக்கிட்டா. இவன இந்தப் பக்கம் போட்டுக்கிறேன். தூங்குடா.

எங்க விட்டேன்? ஆங். அதுக்குப் பெறகுதான் அந்தக் காலனியப் பாத்தேன். பெரிய கேட்டு, கேட்டுக்கு மேல கேமரா, யூனிபாரம் போட்ட செக்யூரிட்டி, உள்ள பூச்செடி, ஊஞ்சல், சறுக்கு. லோடு குடுக்கப் போனேன். அன்னிக்குக் கம்பெனியிலருந்து நேரா போனதால கழுத்துல டேக் தொங்குது. செக்யூரிட்டி என்னப் பாத்தான், எந்திரிச்சு ஒரு சல்யூட் அடிச்சான் பாருங்க! நேரா உள்ள போயிட்டேன். யாரு, எவருன்னு ஒரு கேள்வி கெடையாது. ஊஞ்சலுக்குப் பக்கத்துல புள்ளைக வெளையாடுதுக. நான் நிக்கிறேன், உக்கார்றேன், இங்கிட்டும் அங்கிட்டும் நடக்குறேன். ஒரு ஆளு திரும்பிப் பாக்கலை. மிட்டாய நீட்டுனேன், ஒரு புள்ள வாங்கிக்கிட்டுத் தேங்க்யூ அங்கிள்னு சொல்லுச்சு. எம்புட்டு நாகரிகம்! அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், எடம்னா இதுதான் எடம்.

இல்லண்ணே, அந்த மிட்டாய் சங்கதி வேற. அது கேட்டுக்கு உள்ள. உள்ள இருக்கிறவன்கிட்ட மிட்டாய் வாங்குனா என்ன தப்பு?

குடி வந்தாச்சு. முதல் மாடி. ஈஸ்வரிக்கு ஆரம்பத்துலருந்தே பிடிக்கலை. யாருகிட்டப் பேசுறதுன்னு கேப்பா. எதுத்த வீட்டுல யாரு இருக்காகன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. கதவு தொறந்து பாத்ததே இல்ல. நம்ம புள்ளைக வராந்தாவுல ஓடுனா மட்டும் உள்ள இருந்து ஒரு தட்டுத் தட்டுவாக. அதுக்கு மேல தொந்தரவு கெடையாது. நான் நிம்மதியா வேலைக்குப் போனேன். அவ பாட்டுக்கு அந்தத் துளசிமணியம்மாகூடத் தெனம் போன்ல பேசிக்கிட்டு இருந்திருக்கா, எனக்குத் தெரியாம. மாவுக்கடைல காலைக் கூட்டம் ஓஞ்சதும் அந்தம்மா போன் போட்டுரும், என்ன கண்ணு சமையல்னு. சொந்தமா பந்தமா? ஒரு நாள் என்னப் பிடிச்சு வச்ச பழக்கம்.

தாராபுரம் வந்துருச்சா? பத்து நிமிசம் நிக்கும்பான். அண்ணே, ஒரு உதவி. பயலுக்குப் பால் வாங்கிட்டு வந்துர்றேன், எந்திரிச்சா அழுவான். ரெண்டு பேரையும் பாத்துக்கங்க. இந்தாங்க, இவனையும் பிடிங்க, தலைய மட்டும் தாங்கிக்கங்க. வெண்பா, மாமா சொன்னதக் கேக்கணும். பை சீட்டுக்குக் கீழ இருக்கு. இந்தா வந்துட்டேன்.

அண்ணே! நிறுத்துங்க! ஏய், நிறுத்துப்பா! அண்ணே!

ஏறிட்டேன், ஏறிட்டேன். அய்யோ. பால் வாங்கிட்டுத் திரும்புறேன், நின்ன எடத்துல பஸ்ஸக் காணோம். அம்புட்டும் காலி எடம். ரெண்டு புள்ளையும் உள்ள. நீங்களா கத்துனீக? கண்டக்டர்கிட்டச் சண்டையே போட்டீகளா? கண்டக்டரே சொல்றாரு, இவரு ஜன்னலத் தட்டுன தட்டுல டிரைவர் பயந்துட்டாருன்னு. நல்லா இருப்பீகண்ணே. குடுங்க பயல. பால் பாதி சிந்திப் போச்சு. இருக்கட்டும், இருக்கிறதக் குடிக்கட்டும்.

பாத்தீகளா? ஒரு நிமிசம் அசந்தா என்ன ஆகுது? அதான் சொல்றேன், யாரையும் நம்பக் கூடாதுன்னு. அந்த டிரைவர நம்பித்தான எறங்குனேன்.

பால்னதும்தான் ஞாபகம் வருது. சொல்லிர்றேன், யாருகிட்டயும் சொல்லலை இன்னும். ஒரு நாள் காலையில நான் வேலைக்குப் போயிட்டேன். இவளுக்குக் காய்ச்சல், பள்ளிக்கூடம் போகலை. ஈஸ்வரி அடுப்புல பால வச்சுட்டு, துணி காயப் போட பால்கனிக்குப் போயிருக்கா. இந்தா, இந்தப் பய, உள்ள இருந்து பால்கனிக் கதவுக்குக் கீழ்த்தாப்பாப் போட்டுட்டான். போடத் தெரியுது, எடுக்கத் தெரியலை. வெண்பா எடுக்கப் பாத்திருக்கா, இறுகிக்கிச்சு. வாசக் கதவும் உள்ள பூட்டு, மேல்தாப்பா அவளுக்கு எட்டாது. உள்ள ரெண்டு புள்ளைக, அடுப்புல பாலு.

ஈஸ்வரி கத்துறா. கதவ இடிக்கிறா. கீழ ஆளுக நடந்து போகுதுக. ஒருத்தரு நின்னு மேல பாத்துட்டு, காதுல போனோட போயிட்டாராம். எதுத்தாப்புல ஒரு ஜன்னல் தொறந்துச்சாம். இவ கையெடுத்துக் கும்பிட்டிருக்கா. ஜன்னல் மூடிக்கிச்சு. குடும்பச் சண்டைன்னு நெனச்சிருப்பாக. அடுத்தவுக விசயத்துல தலையிடாத ஆளுக, அதுக்காகத்தான நானே அங்க போனேன். பாலு பொங்கி வழிஞ்சு அடுப்பு அணைஞ்சிருச்சு. கேஸ் மட்டும் வருது. கதவுக்கு இந்தப் பக்கம் வரைக்கும் வாடை வந்துச்சுன்னு சொன்னா. எனக்குப் போன் போட அவ கையில போன் இல்ல. இருந்தாலும் புண்ணியமில்ல, டெஸ்டிங்ல உள்ள போன் கொண்டு போக விட மாட்டாக.

அந்த நேரம் பாத்து உள்ள போன் அடிச்சிருக்கு. மாவுக்கடை அம்மா. தெனம் போடுற போனு. இவதான் எடுத்திருக்கா. அம்மா வெளிய நின்னு அழுறாங்க, பாலு நாத்தம் அடிக்குதுன்னு இவ சொல்லிருக்கா. அந்தம்மா பதறலை. "கண்ணு, தம்பியக் கையப் புடிச்சுக்கோ. அடுப்புப் பக்கம் போகாத. லைட்டு ஸ்விச்சு எதையும் தொடாத. வாசக் கதவுக்கிட்டப் போயி ரெண்டு பேரும் நில்லுங். ஆத்தா வந்துட்டே இருக்கேன். பள்ளிக்கூடத்துல என்ன பாட்டுச் சொல்லிக் குடுத்தாங்க, பாடு"ன்னிருக்கு. கதிர்வேலு ஆட்டோவுல ஏறி காலனி வர்ற வரைக்கும் இவளப் பாட விட்டுக்கிட்டே வந்திருக்கு. இவ தெரிஞ்ச பாட்டெல்லாம் பாடி முடிச்சுட்டு, அந்தப் பயலுக்குப் பயம்னு மறுபடி மொதல்லருந்து பாடிருக்கா. இல்லம்மா? ம். இப்ப வேணாம், மாமாவுக்குப் பெறகு பாடிக் காட்டலாம்.

கேட்டுல செக்யூரிட்டி விடலையாம். வீட்டுக்காரங்க பெர்மிசன் குடுக்கணும்னானாம். வீட்டுக்காரி பால்கனில நின்னு கத்துறா. கதிர்வேலு அவனத் தள்ளி விட்டுட்டு ஆட்டோவ உள்ள விட்டுட்டான். தண்ணிப் பைப்பப் பிடிச்சு ஏறி, பால்கனிக்குள்ள குதிச்சு, தோளால ஒரே இடி. தாப்பா பேந்துருச்சு. உள்ள ஓடி சிலிண்டர மூடி, புள்ளைகளத் தூக்கிட்டு வெளிய வந்துட்டான்.

கம்பெனிக்குத் தகவல் வந்து நான் வர்றப்ப எல்லாம் முடிஞ்சு போச்சு. வண்டிய எப்படி ஓட்டிட்டு வந்தேன்னு எனக்கே தெரியாது. கீழ ஊஞ்சல் பக்கத்துல, துளசிமணியம்மா இடுப்புல இவன் பிஸ்கட் தின்னுக்கிட்டு இருக்கான். பாப்பா தொண்ட கட்டி, பேச்சே வரலை. புள்ளைக சட்டையில தீஞ்ச பால் வாடை. பார்க்கிங்ல அப்படியே உக்காந்து அழுதுட்டேன். இதுக ரெண்டும்தான் என் உசுரு. வேற என்ன இருக்கு என்கிட்ட.

கதிர்வேலு முழங்கையில ரத்தம். நன்றி சொல்லத்தான் பக்கத்துல போனேன். வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா அதுக்கு முன்னாடி வேற கேள்வி வந்துருச்சு. "எப்படிப்பா ஏறுன?"ன்னு கேட்டேன். பைப்பப் புடிச்சுங்ணான்னான். எம்புட்டு நேரத்துலன்னேன். என்ன ஒரு மாதிரி பாத்துட்டு, "ஒரு மூச்சுலங்ணா"ன்னான்.

அப்பத்தான் எனக்கு ஒறைச்சுச்சு. ஒரு ஆட்டோக்காரன் ஒரு மூச்சுல ஏறுறான்னா, திருடன் ஏற மாட்டானா? செக்யூரிட்டிய ஒரு தள்ளுல தள்ள முடியுதுன்னா அது என்ன கேட்டு? கதவு ஒரு இடிக்குத் தாங்கலைன்னா அது என்ன கதவு? லோடு தாங்கலைண்ணே அந்தக் காலனி. போதாததுக்கு அசோசியேசன்காரங்க வேற, வெளியாளுகள உள்ள விட்டதுக்கு வெளக்கம் கேட்டாக. அவுக பக்கமும் நியாயம் இருக்குல்ல? அன்னிக்கே ஈஸ்வரிகிட்டச் சொல்லிட்டேன், இங்க இருக்க வேணாம், காலி பண்ணுவோம்னு. அவளும் மறுபேச்சுப் பேசலை. எனக்கே ஆச்சரியம்.

இப்ப ஒரு எடம் பாத்து வச்சிருக்கேன். அருமையான எடம். ஊருக்கு வெளிய, புது லேஅவுட்டு. ஒரே ஒரு வீடுதான் கட்டிருக்கு. சுத்தி ஒசரமா காம்பவுண்டு. பக்கத்துல வீடே கெடையாது, கடை கெடையாது, ஒரு ஈ காக்கா கெடையாது. போயி நாள் பூரா நின்னு பாத்தேன், ஒரு ஆளு கண்ணுல படலை. ஆளே இல்லைன்னா ஆபத்து எங்கிட்டிருந்து வரும், சொல்லுங்க? ஈஸ்வரிக்கும் சேத்து நானே முடிவு பண்ணிட்டேன். லீவுக்கு ஊருக்கு வந்தோம், அவ முன்னாடியே கெளம்பிட்டா, சாமான் கட்டி வைக்கிறேன்னு. அடுத்த மாசம் நல்ல நாளாப் பாத்துக் குடி போயிர வேண்டியதுதான். என்னண்ணே, கண்ண மூடிக்கிட்டீக? உங்களுக்கும் தூக்கம் வருதோ?

இருங்க, அவதான் கூப்பிடுறா. ஆங், சொல்லு. பல்லடம் தாண்டியாச்சு. ரெண்டும் நல்லா இருக்குதுக. பயல் தூங்குறான். பாப்பாவா, ஒரு அண்ணன் மடியில இருக்கா. ம். சாமான் கட்டியாச்சா? கட்டியாச்சா, நல்லது. எறக்கியாச்சா? எங்க எறக்கியாச்சு? என்ன? என்ன சொல்ற? யாரக் கேட்டு? ஈஸ்வரி, இந்தா, ஈஸ்வரி. வச்சுட்டா.

பால் காய்ச்சிட்டாளாம்ணே.

மாகாளியம்மன் கோயில் வீதியில. கோயிலுக்குப் பக்கத்து வீட்டுல. காலையிலயே காய்ச்சிட்டாளாம். தெருவே வந்துச்சாம். பால் நல்லாப் பொங்குச்சுங்க, கெழக்குப் பக்கமாப் பொங்குச்சுங்கிறா. அன்னிக்குப் பொங்குனதப் பாக்க முடியாம வெளிய நின்னேன், இன்னிக்குக் கண்ணு முன்னாடி பொங்க விட்டுப் பாத்தேங்கிறா. பால் காய்ச்சுன வீட்ட வேணாம்னு சொல்லக் கூடாது, அது ஆகாது. அது தெரிஞ்சுதான் முந்திக்கிட்டா. இம்புட்டு நாளும் வாயத் தொறக்காம இருந்தது இதுக்குத்தான்.

கூட இன்னொண்ணும் சொல்றா. நீங்க வர வேணாம்னா வராதீங்க, உங்க காம்பவுண்டு வீட்டுலயே இருந்துக்கங்க, புள்ளைகள மட்டும் அனுப்பி வைங்க. பஸ் ஸ்டாண்டுக்குக் கதிர்வேல் அண்ணன் ஆட்டோவோட வருவாருங்கிறா. கேட்டீகளா? புள்ளைகள ஒரு ஆட்டோக்காரன்கிட்டக் குடுத்து அனுப்பணுமாம். பெத்தவன் நான் இருக்கேன். யாரு எவருன்னு தெரியாத ஆளுகிட்ட நான் எப்படி என் புள்ளைகள விடுவேன்?

சிங்காநல்லூர் வந்துருச்சா, அதுக்குள்ளயா? ஆமா, எல்லாம் எந்திரிக்கிறாக. சரிண்ணே, போயிப் பாப்போம். இன்னிக்கு ஒரு நாளைக்கு அந்தத் தெருவுல தங்குவோம், பால் காய்ச்சுன வீட்ட இருட்டப் போடக் கூடாது. நாளைக்கு யோசிக்கிறேன். தாப்பா எல்லாம் தட்டிப் பாக்கணும்.

அண்ணே, பாப்பாவ நீங்க தூக்கிட்டு முன்னாடி எறங்குங்க. நான் பயலையும் பையையும் எடுத்துட்டுப் பின்னாடியே வர்றேன். கூட்டத்துல கால மிதிச்சுருவாக. வெண்பா, மாமா கழுத்தக் கெட்டியாப் பிடிச்சுக்க. போங்க, போங்க, நான் வந்துட்டேன். ஏம்மா, கொஞ்சம் வழி விடுங்க, புள்ளை வச்சிருக்கேன்ல. அண்ணே, அங்கயே நில்லுங்க. அண்ணே?

யோவ்! யாருய்யா அது, அவரு கையப் பிடிக்கிறது? கதிரு! கதிரு, நான்தான், சோணமுத்து! விடு, கைய விடுப்பா. புள்ளை பிடிக்கிறவர் இல்ல. நான்தான் குடுத்தேன். ஆமா, நானேதான் குடுத்தேன். அண்ணே, ஒண்ணும் நெனச்சுக்கிறாதீக, புள்ளைய வேத்தாளு தூக்கிட்டு எறங்கவும் பதறிட்டாரு. கதிரு, இவரு நம்மாளு. தெரிஞ்சவருதான். மதுரையிலருந்து மடியில வச்சு, தாராபுரத்துல பஸ்ஸ நிறுத்தி, கொண்டு வந்து சேத்திருக்காரு. என்ன? கேக்குறது காதுல விழுகுதுப்பா. அதான் தெரிஞ்சவருன்னு சொல்றேன்ல.

அண்ணே, அவன் பேரு கேக்குறான். சொல்லாம விட மாட்டான் போலருக்கு. எனக்கும் இப்பத்தான்…

உங்க பேரு என்னண்ணே?